பருவும் எரிச்சலும் ஒரே முகத்தில்: மருந்து ஏன் பாதியில் நின்றுபோகிறது

பருவுக்குத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை தோலைச் சற்றே உரித்தும் உலர்த்தியும் வேலை செய்பவை. எதைப் பூசினாலும் எரிந்து சிவக்கிற முகத்தில் பருவும் வந்துவிட்டால் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பருவுக்கு நல்லது எரிச்சலுக்கு ஆவதில்லை. எரிச்சலைத் தணிக்கப் பூசும் பிசுபிசுப்பான களிம்பு பருவுக்கு ஆவதில்லை. இத்தகைய தோல் உள்ளவர்களின் வீட்டு அலமாரியைத் திறந்தால் பாதி பிதுக்கிய ட்யூப்கள் நாலைந்து கிடப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் பத்து நாளோ பதினைந்து நாளோ பூசப்பட்டு, எரிச்சல் தாங்காமல் கைவிடப்பட்டதாக இருக்கும். அவற்றில் சில சரியான மருந்துகளே என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. மருந்தின் செறிவு, பூசிய அளவு, தொடங்கிய வேகம், மருந்தைத் தாங்கும் நிலையில் தோல் இருந்ததா என்பது ஆகியவற்றில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது.

பரு உருவாகும் விதத்தைப் புரிந்துகொண்டால் இது தெளிவாகும். ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. பருவ வயதில் ஆண்ட்ரஜன் ஹார்மோன்கள் கூடும்போது, ஆண், பெண் இருபாலருக்கும் இச்சுரப்பி அதிக எண்ணெயைச் சுரக்கிறது. அதே சமயத்தில் மயிர்க்காலின் உட்புறச் செல்கள் இயல்பாக உதிர்ந்து வெளியேறாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு துளையை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஏக்னஸ் என்ற பாக்டீரியா பெருக, உடலின் எதிர்ப்பாற்றல் அதை நோக்கித் திரும்ப, சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அடைப்பாகத் தொடங்கியது கண்ணாடியில் தெரியும் பருவாக வளரப் பல வாரங்கள் ஆகும். ஆகவே இன்று முளைத்த பருவின் தலையில் மட்டும் மருந்தைத் தொட்டு வைப்பதில் பெரிய பயன் இல்லை. அடுத்த மாதம் வரவிருக்கும் பருக்கள் இப்போதே அக்கம்பக்கத் துளைகளில் தயாராகிக்கொண்டிருக்கின்றன. மருந்து அந்தப் பகுதி முழுவதற்கும் மெல்லிய படலமாகப் போக வேண்டும். எந்தப் பரு மருந்தையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பூசிப் பார்க்காமல் பலன் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கும் காரணம் இதுவே. எரிச்சலால் இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுபவருக்கு அந்தப் பலன் ஒருநாளும் தெரிய வாய்ப்பில்லை.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது? தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் போன்றது. இறந்த செல்கள் செங்கற்கள். செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் கலந்த பூச்சு அவற்றை இணைக்கும் சாந்து. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியிலுள்ள உறுத்தும் பொருள்கள் உள்ளே புகாமலும் காப்பது இச்சுவரே. பரு உள்ளவர்களின் தோலில் இந்தச் சாந்து குறைவாக இருப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. அதாவது, எண்ணெய் வழிகிற முகம் என்பதால் அது வலுவான முகம் என்று எண்ணிவிட முடியாது. எண்ணெய் வேறு, சாந்து வேறு. வழக்கமாக உறுத்தலை உண்டாக்காத காற்று, வெப்பம், தண்ணீர், க்ரீம் முதலியவற்றுக்கே தோல் குத்தல், எரிச்சல், அரிப்பு என்று எதிர்வினை காட்டுவதை உணர்திறன் மிகுந்த தோல் என்று அரிப்பு பற்றிய ஆய்வாளர்களின் பன்னாட்டு அமைப்பொன்று 2017இல் வரையறுத்தது. வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே எரிவதும் இந்த வரையறைக்குள் அடங்கும். "பார்த்தால் ஒன்றுமில்லையே" என்று வீட்டார் சொல்வதால் அந்த எரிச்சல் பொய்யாகிவிடாது.

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 5 என்ற பிஎச் அளவில் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சற்று அமிலத்தன்மை கொண்டது. சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். சென்னையில் இதனோடு தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. மெட்ரோ வாட்டர் போதாமல் போர் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்ககங்களில் குழாய் முனையிலும் பக்கெட் விளிம்பிலும் படியும் வெள்ளைப் படிவை எல்லோரும் பார்த்திருப்போம். குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடின நீரிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து எளிதில் கரையாத கசடாகிறது. அது முகத்திலும் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு அலசினாலும் முகம் பிசுபிசுப்பாகவோ இறுக்கமாகவோ தோன்றுவது அதனால்தான். கடின நீரில் கழுவும்போது சோப்பு வகைப் பொருள்கள் தோலில் அதிகம் தங்கி எரிச்சலைக் கூட்டுகின்றன என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. பரு வந்துவிட்டதே என்று நாளுக்கு ஐந்தாறு முறை சோப்புப் போட்டுக் கழுவும் பிள்ளைகள் தங்கள் சுவரின் சாந்தைத் தாங்களே சுரண்டிக்கொள்கிறார்கள். காலையும் மாலையும் என இரண்டு முறை, நுரை குறைவான, மணமற்ற, சோப்பு சேராத ஃபேஸ்வாஷ் போதும். இடையில் வியர்த்தால் வெறும் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுக்கலாம். முகத்துக்கு மட்டுமாவது கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றி அலசுவது பெரிய செலவுமில்லை.

மேலைநாட்டு எழுத்துகளில் போதிய அழுத்தம் பெறாத ஒன்று நம் தோலுக்கு முதன்மையானது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எந்த அழற்சி வந்து போனாலும் அந்த இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து கருமை தங்கிவிடுகிறது. பரு பத்து நாளில் அடங்கினாலும் அதன் கரும்படிவு பல மாதங்கள் நிற்கும். மனத்தை அதிகம் வருத்துவதும் பெரும்பாலும் அந்தப் படிவே. இதிலிருந்து ஓர் உண்மை பிறக்கிறது: மருந்தால் உண்டாகும் எரிச்சலும் ஓர் அழற்சிதான், அதுவும் அதே கருமையை விட்டுச் செல்லும். வெள்ளைத் தோலில் இரண்டு வாரச் சிவப்போடு போய்விடுவது நம்மிடம் அரையாண்டுக் கறுப்பாக மாறலாம். "எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பொருள்" என்ற பேச்சை நாம் முற்றாகக் கைவிட வேண்டும். நமக்கு மென்மை என்பது சிகிச்சையின் பாதி.

இந்தக் கண்ணோட்டத்தோடு மருந்துகளைப் பார்ப்போம். பென்சாயில் பெராக்சைடு பாக்டீரியாவைக் கொல்வதில் வலுவானது. பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்னும் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா தோன்றவில்லை. கடைகளில் 2.5, 5, 10 விழுக்காடுகளில் கிடைக்கிறது. எண் கூடினால் பலன் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1986இல் வெளியான ஆய்வொன்று, அழற்சியுள்ள பருக்களைக் குறைப்பதில் 2.5 விழுக்காடு மற்ற இரண்டுக்கும் ஈடாகவே இருக்கிறது என்றும், 10 விழுக்காட்டைவிட அதில் எரிச்சல் குறைவு என்றும் கண்டது. அவ்வளவும் தாங்காதவர்கள் பூசிய சில நிமிடங்களில் கழுவிவிடும் முறையைக் கையாளலாம். இம்மருந்து தலையணை உறையையும் துண்டையும் வெளுக்கவைக்கும் என்பதால் வெள்ளைத் துணியைப் பயன்படுத்துவது நல்லது. இன்னொன்றும் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டும். வெப்பத்தில் இது சிதைந்து பென்சீன் என்ற நச்சுப்பொருளாக மாறக்கூடும். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கடியிலோ, வெயில் விழும் சன்னலோரத்திலோ இந்த ட்யூபை வைக்கக் கூடாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையைப் பார்த்து வைக்க வேண்டும்.

துளை அடைபடுவதையே தடுப்பவை வைட்டமின் ஏ வகை மருந்துகளான ரெட்டினாய்டுகள். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் க்ளிக்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் ட்ரெட்டினாயின் என்ற ரெட்டினாய்டு பருவைக் குணப்படுத்துவதை 1969இல் வெளியிட்டார்கள். 1971இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. எரிச்சல்தான் அதன் பெரும் குறை. 1996இல் அங்கு அனுமதி பெற்ற அடாப்பலீன் அந்தக் குறையைக் கணிசமாகக் குறைத்தது. வெளிச்சத்திலும் பென்சாயில் பெராக்சைடுடன் சேரும்போதும் அது எளிதில் சிதைவதில்லை. உணர்திறன் மிகுந்த முகத்துக்கு ரெட்டினாய்டு வேண்டுமென்றால் அடாப்பலீன் 0.1 விழுக்காட்டில் தொடங்குவதே என் கணிப்பில் அறிவுடைமை.

ஆனால் அதைத் தொடங்கும் முறையில்தான் பத்தில் ஒன்பது பேர் தவறுகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. இரவில் முகம் கழுவி, முற்றிலும் உலரவிட்டு, முதலில் மணமற்ற மாய்ஸ்சரைசரைப் பூசி, அதன்மேல் ஒரு பட்டாணியளவு மருந்தை முகம் முழுவதற்கும் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். முதல் இரண்டு வாரங்களுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் பழகிய பிறகே தினமும். மாய்ஸ்சரைசர் இடையில் இருந்தால் மருந்து வேலை செய்யாதோ என்ற ஐயம் வேண்டியதில்லை. சற்று மெதுவாக உட்புகும், அவ்வளவே. மெதுவாகப் புகும் மருந்தைத் தினமும் தாங்கும் முகம், வேகமாகப் புகும் மருந்தைப் பாதியில் நிறுத்தும் முகத்தைவிடப் பல மடங்கு மேல். தொடங்கிய சில வாரங்களில் பரு சற்றுக் கூடுவதுபோல் தோன்றுவதும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடமிருந்து வந்த மருந்துச்சீட்டுதான் பெரும்பாலும் குப்பைக்குப் போகிறது. கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

நம் தோலுக்கு நான் மிகவும் மதிக்கும் மருந்து அசலாயிக் அமிலம். கோதுமை, பார்லி முதலிய தானியங்களிலும் இருக்கும் இந்தப் பொருள் 15 விழுக்காட்டு ஜெல்லாகவும் 20 விழுக்காட்டு க்ரீமாகவும் கிடைக்கிறது. அடைப்பைத் தளர்த்துகிறது, பாக்டீரியாவைக் குறைக்கிறது, அழற்சியைத் தணிக்கிறது; மேலும், நிறமி உருவாகத் தேவையான டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுப்பதால் பரு விட்டுச் சென்ற கருமையையும் மெல்ல வெளுக்கச் செய்கிறது. கர்ப்பக் காலத்திலும் மருத்துவர்கள் தயக்கமின்றித் தரும் வெகுசில பரு மருந்துகளுள் இதுவும் ஒன்று. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பென்சாயில் பெராக்சைடையும் ரெட்டினாய்டுகளையும் உறுதியாகப் பரிந்துரைத்து, இதைச் சூழலுக்கேற்பப் பயன்படுத்தலாம் என்ற அளவில் வைத்திருக்கிறது. வேகத்தில் இது அவற்றுக்குப் பின்தான். முதல் சில நாட்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். பெரும்பாலும் அது தானே அடங்கும். ஆனால் பருவும் கருமையும் எரிச்சலும் ஒன்றாக இருக்கும் முகத்தில் மூன்றையும் ஒரே ட்யூபால் அணுக முடிவது சிறிய வசதி அன்று.

நியாசினமைடு இன்னும் மென்மையானது. 4 விழுக்காட்டு ஜெல், 1 விழுக்காட்டு க்ளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லுக்கு ஈடாக வேலை செய்ததாக 1995இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தோலில் செராமைடு உருவாவதையும் அது தூண்டுகிறது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைந்து துளைக்குள் செல்லும், துளையை அடைக்கும் கரும்புள்ளிகளுக்கு (ப்ளாக்ஹெட்) உதவும், கழுவிவிடும் ஃபேஸ்வாஷ் வடிவில் எரிச்சல் குறைவு. ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் பூசுவதும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதும் எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியாவை வளர்ப்பதில்தான் போய் முடியும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, மூன்று நான்கு மாத வரம்புக்குள் மருத்துவர் தருவதே முறை.

இவை எல்லாவற்றையும்விட அதிகக் கவலையோடு பேச வேண்டியது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் க்ரீமைப் பற்றி. "முகத்தில் பரு, ஏதாவது கொடுங்கள்" என்றதும் கைக்கு வரும் ட்யூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருப்பது நம் ஊரில் அரிதான செய்தி இல்லை. ஹைட்ரோக்வினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீம் முகம் வெளுக்க வேண்டும் என்ற ஆசைக்காகவே தோழியிடமிருந்து தோழிக்குக் கைமாறுகிறது. ஸ்டீராய்டு தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சிவப்பும் எரிச்சலும் இரண்டே நாளில் மறைகின்றன. வேறு எந்த மருந்தும் இவ்வளவு விரைவாக நன்றியைச் சம்பாதிப்பதில்லை. வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகிறது, நுண்ணிய குழாய்கள் மேலே தெரிகின்றன, தேவையற்ற முடி வளர்கிறது, ஒரே மாதிரியான சிறு பருக்கள் கூட்டமாக வெடிக்கின்றன. நிறுத்தினாலோ முகம் தீப்பட்டதுபோல் எரிகிறது. அதைத் தணிக்க மறுபடியும் அதே க்ரீம். இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில், முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், ஸ்டீராய்டு க்ரீமை முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் மிகுதியாகக் காணப்பட்ட பாதிப்பு பரு வருவதும் இருந்த பரு முற்றுவதுமே. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆயினும் பழைய பழக்கம் இன்னும் ஓயவில்லை. தனக்குப் பிறவியிலேயே உணர்திறன் மிகுந்த தோல் என்று நம்பியிருக்கும் பலருடைய கதையைக் கேட்டால் அதன் தொடக்கத்தில் இப்படி ஒரு ட்யூப் இருக்கும். ட்யூபின் பின்புறத்தில் மேற்கண்ட ஸ்டீராய்டுப் பெயர்களில் ஒன்று இருந்தால், நீண்ட நாள் பூசியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடுபட வேண்டும்.

வீட்டுப் பண்டங்களை எடுத்த எடுப்பில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. பாட்டி குழைத்துக் கொடுத்த பயத்தம் மாவு, அழுத்தித் தேய்க்காமல் பூசிக் கழுவினால், காரச் சோப்பைவிட முகத்துக்கு இதமானதே. ஆனால் எலுமிச்சைச் சாறு பிஎச் 2 அளவிலான அமிலம். வெறும் முகத்தில் பூசுவதும் அதோடு மாடியில் வெயிலில் நிற்பதும் புண்ணையும் நீண்ட நாள் நிற்கும் கருமையையும் அழைப்பதாகும். பற்பசை, சமையல் சோடா ஆகியவற்றுக்கும் முகத்தில் இடமில்லை. கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் விற்கும் பொடியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அறிய வழியில்லாதபோது, எரியும் முகத்தில் அதைச் சோதிக்க வேண்டாம். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் வெயிலில் உருகி நெற்றியில் இறங்குவதால் மயிர்க்கோட்டை ஒட்டிச் சிறு பருக்கள் வருவது நம் வீடுகளில் சாதாரணம். எண்ணெயை இரவில் வைத்துக் காலையில் அலசிவிடுவது அதற்குப் போதுமான தீர்வு.

பரு என்று நினைப்பதெல்லாம் பரு இல்லை என்பதும் வியர்வை ஊரான சென்னையில் முக்கியமானது. நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு, கரும்புள்ளிகள் இல்லாமல் வருபவை மலசீசியா என்ற பூஞ்சையால் மயிர்க்காலில் உண்டாகும் அழற்சியாக இருக்கலாம். பருவுக்கான ஆன்டிபயாடிக் அதை மோசமாக்கும். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி அடக்கும். கோடையில் வரும் வேர்க்குருவும் சிலரைக் குழப்புகிறது. பெண்களுக்குத் தாடையோரத்தில் ஆழமான பருக்களோடு மாதவிலக்கு தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கான சோதனை தேவை. அங்கே க்ரீமை மாற்றி மாற்றிப் பூசுவது காலவிரயம்.

இத்தனை ஈரப்பதமான ஊரில் மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஐடி அலுவலகங்கள் நிறைந்த ஓஎம்ஆர் சாலையில் பத்து மணி நேரம் ஏசி அறையிலிருந்து, பிறகு ஹெல்மெட்டுக்குள் வியர்த்து வீடு திரும்பும் முகம் ஒரே நாளில் வறட்சியையும் புழுக்கத்தையும் அனுபவிக்கிறது. மருந்து பூசும் முகத்துக்கு ஜெல் வடிவிலான லேசான மாய்ஸ்சரைசர் கட்டாயம் வேண்டும். சன்ஸ்க்ரீனும் அப்படியே, கருமையை ஆழமாக்குவது வெயில்தான். இரும்பு ஆக்சைடு கலந்த, சற்றே தோல் நிறமுள்ள சன்ஸ்க்ரீன் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் நமக்குக் கூடுதல் பயன் தரும். புதிய பொருளைக் காதுக்குப் பின்னாலோ தாடைக்கு அடியிலோ சில நாட்கள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே வாரத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கினால் எது எரித்தது என்று பிறகு அறிய முடியாது.

உணவைப் பற்றி மிகையாகச் சொல்ல விருப்பமில்லை. ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களிடம் பன்னிரண்டு வாரங்கள் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், இரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவைக் குறைத்தவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இனிப்புப் பானங்களையும் ஜிம்மில் குடிக்கும் வே புரோட்டீன் பொடியையும் சில மாதங்கள் குறைத்துப் பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை.

கட்டிகட்டியாக வலியோடு வரும் பருக்கள், பள்ளமாகும் தழும்புகள், எந்தப் பூச்சு மருந்தையும் தாங்காத முகம் ஆகியவற்றுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்டு. அமெரிக்காவில் 1982இல் அனுமதி பெற்ற அது எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்குகிறது; குறைந்த அளவில் கொடுத்தால் உணர்திறன் மிகுந்த தோலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. கருவைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் பெண்கள் அதை உட்கொள்ளும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கவே கூடாது. இரத்தச் சோதனையும் மருத்துவர் மேற்பார்வையும் இன்றித் தொடக் கூடாத மருந்து இது. தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவுகள் இயங்குகின்றன.

எங்கே போனாலும், அலமாரியில் கிடக்கும் அந்தப் பாதி ட்யூப்களை வீசிவிடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். எதை எத்தனை நாள் பூசினீர்கள், எத்தனையாவது நாளில் எரியத் தொடங்கியது, தோல் உரிந்ததா அரித்ததா என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அவற்றில் ஒன்றையே பாதிச் செறிவில், மூன்று நாளுக்கு ஒருமுறை பூசச் சொல்லி மருத்துவர் திருப்பித் தரவும் கூடும்.